பொருள் தேடிய நிரலாளர் – கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி

லிட்டன் ஸ்ட்ரேச்சியை ஆங்கில இலக்கியம் படித்தவர்கள் அறிவார்கள். 1918இல் வெளிவந்த 'எமினென்ட் விக்டோரியன்ஸ்' என்ற நூலின் மூலம் வாழ்க்கை வரலாறு எழுதும் முறையையே மாற்றிப் போட்டவர். வர்ஜீனியா உல்ஃபின் நெருங்கிய நண்பர். லண்டனின் ப்ளூம்ஸ்பரி வட்டத்தில் முக்கியமான ஆள். அவருடைய அண்ணன் மகன்தான் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி. கணினியின் வரலாற்றைப் படித்தவர்களுக்குச் சித்தப்பாவைவிட இவர்தான் பழக்கமான பெயர்.

சார்பு நிரலாக்கம், அதாவது ஃபங்ஷனல் புரோகிராமிங், இன்று ஹாஸ்கல், ஓகாம்ல், ஸ்காலா என்று பல மொழிகளில் வழங்குகிறது. சி, ஜாவா போன்ற மொழிகளில் சில ஆண்டுகள் கை பழகிய பிறகு இந்தப் பக்கம் வருபவர்கள் சில இடங்களில் தவறாமல் தடுக்கி விழுகிறார்கள். மாறியின் மதிப்பை மாற்ற முடியாமல் எப்படி எழுதுவது? லூப் இல்லாமல் எப்படிக் காலம் தள்ளுவது? சார்பையே இன்னொரு சார்புக்குக் கொடுப்பதென்றால் என்ன? இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றிலும் நின்று வருடக்கணக்கில் யோசித்தவர் ஸ்ட்ரேச்சி. அவரும் இயந்திரத்தின் ஒவ்வொரு அடியையும் கணக்கிட்டு நிரல் எழுதிய பக்கத்திலிருந்து வந்தவர்தான். அவர் வாழ்க்கை அந்த இடப்பெயர்ச்சியின் கதை.

1916 நவம்பர் 16 அன்று லண்டனில் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் பிறந்தார். தந்தை ஆலிவர் ஸ்ட்ரேச்சி, இரண்டு உலகப் போர்களிலும் பிரிட்டனுக்காக ரகசியக் குறியீடுகளை உடைத்தவர். தாய் ரே ஸ்ட்ரேச்சி, பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர். அந்த இயக்கத்தின் வரலாற்றை 'தி காஸ்' என்ற பெயரில் 1928இல் எழுதியவர். ரேயின் தங்கை கேரின் மணந்தது வர்ஜீனியா உல்ஃபின் தம்பி ஏட்ரியனை. ரேயின் சித்தி ஆலிஸ், தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் முதல் மனைவி. இப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்த பிள்ளையிடம் எல்லோரும் எதையோ எதிர்பார்ப்பார்கள். பிள்ளைக்கு அது வரமா பாரமா என்பது வேறு விஷயம்.

1935இல் கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். அப்போது அதே கல்லூரியில் ஆலன் டூரிங் இளம் ஆய்வாளர். இருவருக்கும் பழக்கம் உண்டு. ஸ்ட்ரேச்சி கணிதத்தில் தொடங்கி இயற்பியலுக்கு மாறினார். மூன்றாம் ஆண்டில் மனம் உடைந்து படிப்பு தடைப்பட்டது. திரும்பி வந்து எழுதிய தேர்வில் கிடைத்தது இரண்டாம் வகுப்பின் கீழ்ப்பிரிவு மட்டுமே. ஆராய்ச்சி மாணவராகும் ஆசை அத்துடன் போயிற்று. ஸ்டாண்டர்ட் டெலிபோன்ஸ் நிறுவனத்தில் எலக்ட்ரான் வால்வுகளை வடிவமைக்கும் வேலையில் சேர்ந்தார். போர்க்காலத்தில் அது ரேடார் சம்பந்தப்பட்ட வேலையாயிற்று. அதற்கான கணக்குகளுக்காக அவர் பயன்படுத்திய டிஃபரன்ஷியல் அனலைசர் என்ற இயந்திரம்தான் கணிப்பொறிகளில் அவருக்கு ஆர்வத்தை உண்டாக்கியது.

போர் முடிந்ததும் பள்ளி ஆசிரியரானார். கேன்டர்பரியில் ஒரு பள்ளி, பிறகு 1949 முதல் புகழ்பெற்ற ஹாரோ பள்ளி. முப்பத்து நான்கு வயதில், பெரிய குடும்பத்தில் பிறந்தும் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் செய்யாத ஒரு பள்ளி ஆசிரியர். அன்று அவரைப் பார்த்தவர்கள் எழுதியிருக்கக்கூடிய வாழ்க்கைக் குறிப்பு இவ்வளவுதான்.

1951 ஜனவரியில் ஒரு நண்பரின் மூலம் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் மைக் உட்ஜரைச் சந்தித்தார். அங்கே 'பைலட் ஏஸ்' என்ற கணினி இயங்கிக்கொண்டிருந்தது. டிராஃப்ட்ஸ் என்ற பலகை விளையாட்டை ஆடும் நிரல் ஒன்றை அதற்காக எழுத முயன்றார். இயந்திரத்தின் நினைவகம் போதவில்லை. மான்செஸ்டரில் அதைவிடப் பெரிய நினைவகத்தோடு ஒரு கணினி வந்திருப்பது தெரிந்து, பழைய பழக்கத்தில் டூரிங்குக்கு எழுதி அதன் கையேட்டை வரவழைத்தார். டூரிங் எழுதிய அந்தக் கையேடு வாசகர்களிடம் இரக்கமே காட்டாதது. பள்ளி விடுமுறைகளில் அதை வைத்துக்கொண்டு ஸ்ட்ரேச்சி நிரல் எழுதினார்.

முதலில் டூரிங் யோசனை சொன்னபடி, கணினி தன் செயலைத் தானே பின்தொடர்ந்து காட்டும் ஒரு நிரலை எழுதிக்கொண்டு மான்செஸ்டருக்குப் போனார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டளைகள். அந்த இயந்திரத்தில் அதுவரை யாரும் அவ்வளவு நீளமான நிரலை ஓட்டியதில்லை. ஒரே இரவு இயந்திரத்தோடு உட்கார்ந்து அதை ஓடவைத்துவிட்டார். ஓடி முடித்த கணினி பிரிட்டனின் தேசிய கீதத்தை ஊதியது. ஒரே நாளில் அவர் பெயர் அந்தச் சிறிய உலகத்தில் பரவிவிட்டது. 1952 கோடையில் டிராஃப்ட்ஸ் நிரலும் முழு ஆட்டம் ஆடத் தொடங்கியது.

அதே ஆண்டில் அவர் எழுதிய காதல் கடித நிரல் இலக்கிய வாசகர்களுக்குப் பிடிக்கும். பெயர்ச்சொற்கள், பெயரடைகள், வினையடைகள், வினைச்சொற்கள் என்று தனித்தனிப் பட்டியல்கள். ஒவ்வொரு பட்டியலிலிருந்தும் ஒரு சொல்லைக் கணினி குருட்டாம்போக்கில் எடுத்து, இரண்டு மூன்று வாக்கிய அச்சுகளில் பொருத்தி, அசட்டுத்தனமாக உருகும் ஒரு கடிதத்தை அச்சடிக்கும். கடைசியில் 'எம்.யூ.சி.' என்று கையொப்பம்: மான்செஸ்டர் பல்கலைக்கழகக் கணினி. இதைப் பற்றி 1954இல் 'என்கவுன்டர்' என்ற இலக்கிய இதழில் ஸ்ட்ரேச்சி கட்டுரையும் எழுதினார். கடிதத்தைவிட, அதை உண்டாக்கும் விதிகள் எவ்வளவு எளியவை என்பதுதான் அவரைக் கவர்ந்தது. இந்த நிரலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பதினான்கு ஆண்டுகள் கழித்து இதன் நிழலை இன்னொரு இடத்தில் பார்க்கப் போகிறோம்.

1952 ஜூனில் ஹாரோவை விட்டு தேசிய ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகத்தில் சேர்ந்தார். கனடாவில் செயின்ட் லாரன்ஸ் கடல்வழித் திட்டத்துக்கான நீரோட்டக் கணக்குகளை டொரன்டோ பல்கலைக்கழகக் கணினியில் நிரலாக்கினார். ஃபெரான்டி பெகாசஸ் கணினியின் வடிவமைப்பில் பங்கு கொண்டார். 1959இல் பாரிஸ் மாநாட்டில், ஒரே கணினியைப் பல வேலைகள் பகிர்ந்துகொள்வது பற்றிக் கட்டுரை படித்தார். இயந்திரத்தின் ஒவ்வொரு நொடியையும் வீணாக்காமல் வேலை வாங்கத் தெரிந்தவர் என்ற பெயர் அவருக்கு இருந்தது. அந்தப் பெயரோடேயே வசதியாக வாழ்ந்திருக்கலாம்.

ஆனால் அவரை ஒரு கேள்வி அரித்துக்கொண்டிருந்தது. இத்தனை நிரல்கள் எழுதுகிறோம். ஒரு நிரலுக்குப் பொருள் என்ன? இயந்திரம் முதலில் இதைச் செய்யும், பிறகு அதைச் செய்யும் என்று சொல்வது நிரலின் நடத்தையைச் சொல்வது. ஒரு கணிதக் கோவையைப் பார்த்து அதன் மதிப்பு இது என்று சொல்கிறோமே, அப்படி ஒரு நிரலைப் பார்த்து இதன் பொருள் இது என்று சொல்ல முடியுமா?

1959இல் வேலையை விட்டு லண்டனில் தம் வீட்டிலிருந்தபடி தனி ஆலோசகரானார். 1960 முதல் பீட்டர் லாண்டின் என்ற இளைஞரைச் சொந்தச் செலவில் உதவியாளராக வைத்துக்கொண்டார். லாண்டின் செய்த வேலையில் கணிசமான பகுதி எந்த வாடிக்கையாளருக்கும் தேவைப்படாதது. அமெரிக்கத் தர்க்கவியலாளர் அலோன்சோ சர்ச் 1930களில் உருவாக்கிய லாம்டா கால்குலஸ் என்ற குறியீட்டு முறையைக் கொண்டு நிரல்மொழிகளை விளக்க முடியுமா என்பதுதான் அவர் ஆராய்ந்தது. லாம்டா கால்குலஸில் இருப்பவை சார்புகள் மட்டுமே: சார்பை உருவாக்குதல், சார்பை ஒரு மதிப்பின் மேல் பிரயோகித்தல். இந்த ஆராய்ச்சியிலிருந்து லாண்டின் 1964இலும் 1966இலும் வெளியிட்ட கட்டுரைகள் சார்பு நிரலாக்கத்தின் அடித்தளங்களில் சேர்ந்தவை.

1962இல் ஸ்ட்ரேச்சி கேம்பிரிட்ஜ் கணித ஆய்வகத்துக்குப் போய் சிபிஎல் என்ற புதிய நிரல்மொழியின் வடிவமைப்பில் இறங்கினார். அந்த மொழி கடைசிவரை முழுமையாக உருப்பெறவில்லை. ஆனால் அதைச் சுருக்கி மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் 1967இல் பிசிபிஎல் செய்தார்; அதிலிருந்து பி வந்தது; பி-யிலிருந்து டென்னிஸ் ரிச்சியின் சி வந்தது. சி நிரலில் தவறு செய்தால் கம்பைலர் 'எல்-வேல்யூ' இல்லை என்று குறைப்படுமே, அந்தச் சொல் சிபிஎல் காலத்தில் ஸ்ட்ரேச்சி புழக்கத்தில் விட்டது.

அந்தச் சொல்லில்தான் புதிதாகக் கற்பவருக்கான முதல் பாடம் இருக்கிறது. 'க = க + 1' என்று எழுதுகிறோம். வலப்பக்கத்து 'க' ஒரு எண். இடப்பக்கத்து 'க' அந்த எண் வைக்கப்பட்டிருக்கும் நினைவக இடம். ஒரே எழுத்து, ஒரே வரியில், இரண்டு வேறு பொருள்கள். வருடக்கணக்கில் எழுதிப் பழகியதால் இதன் விசித்திரம் நம் கண்ணில் படுவதில்லை. முதலாவதை வலது மதிப்பு, இரண்டாவதை இடது மதிப்பு என்று ஸ்ட்ரேச்சி பிரித்தார். சார்பு நிரலாக்கத்தில் இடது மதிப்பு என்ற பேச்சே பெரும்பாலும் எழாது. ஒரு பெயர் ஒரு மதிப்பைக் குறிக்கிறது, அவ்வளவுதான். 'ஆலிவரின் மகன் ஹாரோவில் ஆசிரியர்' என்ற வாக்கியத்தில் 'ஆலிவரின் மகன்' என்பதை எடுத்துவிட்டு 'கிறிஸ்டோபர்' என்று வைத்தால் வாக்கியத்தின் உண்மை மாறாது. நிரலிலும் ஒரு கோவையை அதன் மதிப்பால் இப்படி மாற்றி வைக்க முடிந்தால், முன்னும் பின்னும் நடந்ததையெல்லாம் தலையில் சுமக்காமல் ஒவ்வொரு பகுதியையும் தனியாகப் படித்துப் புரிந்துகொள்ளலாம். தத்துவவாதி குவைனிடமிருந்து இந்தக் கருத்தை எடுத்து நிரல்மொழிகளின் விவாதத்துக்குள் கொண்டுவந்தார் ஸ்ட்ரேச்சி.

இரண்டாவது பாடம் 1966இல் டேவிட் பாரனுடன் சேர்ந்து எழுதிய ஒரு நூல் அத்தியாயத்தில் இருக்கிறது. பல பட்டியல்கள் தரப்படுகின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்றை எடுத்தால் கிடைக்கும் எல்லாச் சேர்க்கைகளையும் தர வேண்டும். காதல் கடித நிரல் செய்த அதே வேலைதான். அங்கே ஒரு சேர்க்கை, இங்கே எல்லாம். ஆனால் எழுதிய முறை முற்றிலும் வேறு. மாறும் மாறி இல்லை, லூப் இல்லை. பட்டியல்கள் எதுவும் இல்லையென்றால் விடை என்ன என்று முதலில் கேட்கிறார்கள். இருந்தால், முதல் பட்டியலைத் தவிர மீதிக்கு விடை கிடைத்துவிட்டதாக வைத்துக்கொண்டு, அந்த விடையின் ஒவ்வொரு சேர்க்கைக்கு முன்பும் முதல் பட்டியலின் ஒவ்வொரு சொல்லையும் வைக்கிறார்கள். முடிந்தது.

முதல் கேள்வியில்தான் புதியவர்கள் வழுக்குவார்கள். பட்டியலே இல்லையென்றால் விடை 'ஒன்றுமில்லை' என்று கை தானாக எழுதும். அப்படி எழுதினால் மொத்த விடையும் காலியாகிவிடும். எதனோடு பெருக்கினாலும் பூஜ்யம் பூஜ்யம்தானே! சரியான விடை, எதையும் எடுக்காத வெறும் சேர்க்கை ஒன்று. பெருக்கலை 1இலிருந்து தொடங்குவது போல. மூன்று பெயரடைகள், இரண்டு பெயர்ச்சொற்கள் என்றால் மூன்று, இரண்டு, ஒன்று பெருகி ஆறு சேர்க்கைகள் கிடைக்கும். இயந்திரம் எந்த வரிசையில் ஓடுகிறது என்று யோசித்துக்கொண்டிருந்தால் இது புலப்படாது. விடைக்கு என்ன பொருள் என்று கேட்டால் உடனே புலப்படும்.

இன்னொன்றும் இருக்கிறது. எண்களைக் கூட்டுவது, பெருக்குவது, சேர்க்கைகளைக் கட்டுவது எல்லாவற்றிலும் எலும்புக்கூடு ஒன்றே. தொடக்க மதிப்பும் செய்கையும்தான் வேறு. அந்த எலும்புக்கூட்டைத் தனிச் சார்பாக்கி, செய்கையை அதற்குள் இன்னொரு சார்பாக அனுப்பினார்கள். இன்று 'ஃபோல்ட்' என்று ஹாஸ்கல் பாடத்தில் முதல் சில வாரங்களிலேயே வருவது இதுதான். ஹாஸ்கல் தெரியும், ஆனால் ஹாஸ்கல் போல எழுத வரவில்லை என்பவர்களுக்கு விடுபட்டிருப்பது பெரும்பாலும் இந்த எலும்புக்கூட்டைக் கண்டுகொள்ளும் பார்வை. அந்தச் சிறு நிரலைப் பற்றியே ஒலிவியே டான்வி, மைக்கேல் ஸ்பைவி இருவரும் 2007இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். நிரலாளர்கள் 'ஃபங்ஷனல் முத்து' என்று கொண்டாடும் சிறு அழகுகளில் உலகின் முதலாவது இதுவாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

1960களின் நடுவில் ஆக்ஸ்ஃபோர்டில் நிரலாக்க ஆராய்ச்சிக் குழுவைத் தொடங்கினார். 1967 ஆகஸ்டில் கோபன்ஹேகனில் நடந்த கோடைப் பள்ளியில் நிரல்மொழிகளின் அடிப்படைக் கருத்துகள் பற்றி விரிவுரைகள் ஆற்றினார். இடது, வலது மதிப்புகள் அதில் உண்டு. அல்கால் மொழியில் எண்கள் முதல்தரக் குடிமக்கள், சார்புகள் இரண்டாம்தரக் குடிமக்கள் என்ற கணிப்பு உண்டு. பல மதிப்புகளை வாங்கும் சார்பை, ஒவ்வொன்றாக வாங்கும் சார்புகளாக மாற்றும் ஷோன்ஃபிங்கலின் உத்தி உண்டு. எந்த வகைப் பட்டியலின் நீளத்தையும் ஒரே சார்பு ஒரே விதமாகக் கணக்கிடலாம். ஆனால் முழு எண்களைக் கூட்டுவதும் தசம எண்களைக் கூட்டுவதும் ஒரே குறியின் கீழ் ஒளிந்திருக்கும் வெவ்வேறு வேலைகள். இந்த இரண்டு வகைப் பல்லுருவங்களையும் பிரித்துப் பெயரிட்டதும் அங்கேதான். 1978இல் ராபின் மில்னர் முதலாவதைக் கோட்பாடாக்கி எம்எல் மொழிக்கு அடிப்படையாக்கினார். 1989இல் ஃபிலிப் வாட்லரும் ஸ்டீபன் பிளாட்டும் இரண்டாவதை ஒழுங்குபடுத்தக் கண்ட வழி ஹாஸ்கலின் டைப் கிளாஸ் ஆயிற்று.

இவ்வளவும் அடங்கிய விரிவுரைகளை அவர் அச்சுக்குத் தரவே இல்லை. திருத்தித் திருத்தி, திருப்தி வராமல் கிடப்பில் போடும் சுபாவம். குறிப்புகள் நகல்களாகக் கைமாறிக் கைமாறி ஒரு தலைமுறையையே வளர்த்தன. அச்சில் வந்தது 2000இல், முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து.

மதிப்பை மாற்றும் கட்டளைகளை ஒழித்துவிட வேண்டும் என்று ஸ்ட்ரேச்சி சொல்லவில்லை. அவற்றையும் விளக்கிவிட வேண்டும் என்றுதான் விரும்பினார். ஒரு கட்டளையை, நினைவகத்தின் மொத்த நிலையையும் வாங்கிக்கொண்டு புதிய நிலையைத் திருப்பித் தரும் சார்பாகப் பாருங்கள். அப்போது இரண்டு கட்டளைகளை அடுத்தடுத்துச் செய்வது, இரண்டு சார்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துவதுதான். இந்தப் பார்வையின் வழியில் பின்னால் எழுந்ததுதான், ஹாஸ்கல் படிப்பவர்களை மிரட்டும் மோனாட். பூதம் போலத் தெரியும் அதன் ஒரு முகத்தை இப்படி ஒரு வாக்கியத்தில் அடக்கிவிடலாம்.

ஆனால் இதற்கெல்லாம் ஆதாரமான லாம்டா கால்குலஸுக்கே கணித அடித்தளம் இல்லை என்பது அவரை உறுத்திக்கொண்டிருந்தது. அதில் எந்தச் சார்பையும் எந்தச் சார்புக்கும், தனக்கே கூட, கொடுக்கலாம். ஆனால் ஒரு தொகுதியின் மேலுள்ள சார்புகள் அனைத்தும் அந்தத் தொகுதியைவிட எண்ணிக்கையில் அதிகம் என்பது கான்டரின் தேற்றம். 1969 இலையுதிர் காலத்தில் தர்க்கவியலாளர் டேனா ஸ்காட் ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்தார். லாம்டா கால்குலஸை இந்த வடிவத்தில் கைவிட்டுவிடுங்கள் என்று ஸ்ட்ரேச்சியிடம் வாதாடியவர், அதே நவம்பரில் தாமே அதற்கு ஒரு கணித மாதிரியைக் கண்டுபிடித்துவிட்டார். எல்லாச் சார்புகளையும் எடுத்துக்கொள்ளாமல், கணிக்கக்கூடிய தன்மையை ஒட்டிய தொடர்ச்சியான சார்புகளை மட்டும் எடுத்துக்கொண்டால் முரண்பாடு விலகுகிறது. இருவரும் சேர்ந்து எழுதிய அறிக்கை 1971இல் வந்தது. டினோட்டேஷனல் செமான்டிக்ஸ் என்று பாடநூல்கள் அழைக்கும் துறை பிறந்தது. இரண்டாம் வகுப்புப் பட்டம் வாங்கிய பழைய பள்ளி ஆசிரியர் அதே 1971இல் ஆக்ஸ்ஃபோர்டின் முதல் கணினியியல் பேராசிரியரானார்.

அந்தப் பதவியில் அவருக்குக் கிடைத்தது நான்கே ஆண்டுகள். மாணவர் ராபர்ட் மில்னுடன் சேர்ந்து நிரல்மொழிகளின் பொருள் பற்றிய பெரிய நூல் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தபோது, மஞ்சள் காமாலை கண்டு 1975 மே 18 அன்று இறந்தார். வயது 58. நூலை மில்ன் முடித்து 1976இல் வெளியிட்டார்.

அவர் விட்டுச் சென்றவற்றில் பாதி நிறைவடையாதவை: உருப்பெறாத சிபிஎல், அச்சேறாத விரிவுரைகள், பிறர் முடித்த நூல். ஆனாலும் சி எழுதுபவரும் ஹாஸ்கல் எழுதுபவரும் அவர் பிரித்துக் காட்டிய சொற்களில்தான் இன்றும் யோசிக்கிறார்கள். புதிய நிரலாக்க முறையைக் கற்பவருக்கு அவர் வாழ்க்கையிலிருந்து எடுத்துக்கொள்ள ஒரு பழக்கம் உண்டு. நிரலின் முன் உட்கார்ந்ததும், இயந்திரம் அடுத்து என்ன செய்யும் என்று கேட்பதற்கு முன்னால், நான் எழுதியிருப்பதற்கு என்ன பொருள் என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்பது. இயந்திரத்தின் ஒவ்வொரு அசைவும் கைவந்திருந்த ஒருவர், நாற்பதை நெருங்கிய வயதுக்குப் பிறகு அந்தக் கேள்வியின் பின்னால் போனார். முப்பதுகளில் மறுபடி பாலபாடம் படிக்க நேர்ந்த எங்களைப் போன்றவர்களுக்கு அது சிறிய ஆறுதல் இல்லை.